பேரைக் கேட்க சிங்கப்பூர் வரை

ஒரு மனிதர் செத்துப்போனதால்தான் எனக்கு சிங்கப்பூர் பார்க்கக் கிடைத்தது. பயணக் கட்டுரையை இப்படி ஆரம்பிப்பது அழகில்லைதான். ஆனால் முதல் பத்தியில் மறைத்தால் கடைசிப் பத்தி வரைக்கும் மறைத்துக்கொண்டே போக வேண்டும். அந்தத் தெம்பு எனக்கு இப்போது இல்லை.

விருதுநகர் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்சிங் சூப்பிரண்டு. இருபத்தெட்டு வருட சர்வீஸ். எங்கள் ஆண்கள் வார்டில் நடந்த சாவு நோயால் வந்ததில்லை, நாங்கள் போட்ட ஊசியால் வந்தது. விசாரணை வைத்தார்கள். அது முடிந்ததும் எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், இனிமே நமக்கு குவாலிட்டிதான் முக்கியம். சிங்கப்பூர்ல ஃபிரண்டு மூலமா ஒரு ஆஸ்பத்திரியில சொல்லி வச்சிருக்கேன். அஞ்சு நாள் போயி, அவங்க எப்படிப் பண்றாங்கன்னு பாத்துட்டு வாங்க."

கூடவே ஒரு கவரும் கொடுத்தார். உள்ளே விசாரணை அறிக்கை. வார்டு நர்ஸ் செல்வி கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று மூன்று பக்கத்துக்கு இருந்தது. கடைசிப் பக்கத்தில் என் பெயரும், அதற்கு மேலே கையெழுத்துக்கான காலி இடமும். "அங்க போயி நிதானமா படிச்சு, போட்டுட்டு வந்துருங்க" என்றார். பெட்டியில் முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் அதை வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். தங்கியது லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். ஞாயிறு அங்கே தேர்க்கூட்டம். வாரம் பூராவும் கட்டட வேலை பார்க்கிற நம் ஊர்ப் பையன்கள், வங்காளதேசத்துப் பையன்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் வெளியே வருகிறார்கள். புல்தரை முழுக்க உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் ஒருவர், நாற்பது வயதிருக்கும், காதில் போனை அழுத்திக்கொண்டு கத்தினார்: "மாத்திரை போட்டியாம்மா? எந்த மாத்திரை? செவப்பா, வெள்ளையா? வெள்ளை காலையில, செவப்பு ராத்திரிம்மா! மாத்திப் போட்ராத!"

வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். மருந்துக்கடைக்காரர் நாளைக்கு வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தால் வெள்ளை மஞ்சளாகிவிடும். கடல் தாண்டி உட்கார்ந்து நிறத்தைச் சொல்லி மருந்து கொடுக்கிறவர் அப்போது என்ன செய்வார்? எழுந்து அறைக்குப் போய்விட்டேன். சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று. என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றியவர் ஹசீனா, ஒரு வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ். நாகூர்ப் பக்கத்திலிருந்து நாலு தலைமுறைக்கு முன்னால் கப்பலேறிய குடும்பம். தலையில் துணி, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, பேச்சில் பாதி ஆங்கிலம். "வாங்கக்கா. எங்க வார்டு ஏர்கோன் வார்டு இல்ல, ஃபேன் வார்டு. உங்க ஊர் மாதிரியே இருக்கும்லா" என்றார்.

என் ஊர் மாதிரி இல்லை. தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் சொந்தக்காரர்கள் இல்லை. கட்டிலுக்கு அடியில் தூக்குவாளி இல்லை. ஒரு பிலிப்பினோ நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வயதானவரிடம் வந்தாள். உங்கள் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் வீராசாமி என்றார். அடையாள அட்டையின் கடைசி எழுத்துகளைக் கேட்டாள். அவர் சொன்னார். கையில் கட்டியிருந்த பட்டையோடு ஒப்பிட்டாள், ஒரு கருவியை வைத்து 'டொக்' என்று சத்தம் வரவைத்தாள், அதற்குப் பிறகுதான் மாத்திரையை எடுத்தாள்.

வீராசாமி என்னைப் பார்த்ததும் தமிழில் புகார் வாசிக்கத் தொடங்கிவிட்டார். "பாருங்கம்மா, பத்து நாளா இங்க படுத்திருக்கேன். காலையில கேக்குது, மத்தியானம் கேக்குது, சாயங்காலம் கேக்குது. நேத்தும் வீராசாமி. இன்னைக்கும் வீராசாமி. நாளைக்கும் வீராசாமிதான்லா! குவீன்ஸ்டவுன்ல அம்பது வருசமா இதே பேர்லதான் இருக்கேன், அங்க போயி விசாரிக்கச் சொல்லுங்க!"

அந்தப் பெண் மொழி புரியாமலே சிரித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கேயும் பெயர் என்ன என்று கேட்டாள்.

"மெஷின்தான் இருக்கே, எதுக்குப் பேரு?" என்று ஹசீனாவிடம் கேட்டேன்.

"மெஷின் கையில இருக்கிற டேக்கைத்தான் பாக்கும், ஆளைப் பாக்காதுக்கா. அதுலயும் ஒண்ணு இருக்கு. நீங்க வீராசாமிதானேன்னு கேக்கவே கூடாது. ஜூனியர்ஸ்கிட்ட இதைத்தான் மொதல்ல சொல்லுவேன். நம்ம ஆளுங்க எதுக்கும் தலையாட்டிருவாங்க. நர்ஸ் கேக்குது, மரியாதையா உம்னு சொல்லிடுவோம்னு. அவங்க வாயால அவங்க பேரு வரணும்."

அவங்க வாயால அவங்க பேரு வரணும். இதை என் நர்சிங் படிப்பின் முதல் வருடத்திலேயே எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறேன். இதற்காக விமானம் ஏறியிருக்கவே வேண்டாம். எங்கள் ஊரில் வயதில் பெரியவரிடம் முகத்துக்கு நேரே பேரென்ன என்று கேட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். அதனால் 'ஐயா' என்போம், 'அண்ணாச்சி' என்போம், எங்களுக்குள் பேசும்போது 'பதினாலு', 'இருபத்திரண்டு' என்போம். மரியாதையும் ஆச்சு, வேலையும் ஆச்சு என்று நினைத்திருந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை தேக்கா மார்க்கெட்டில் சாப்பிட்டேன். நம் பரோட்டாவை இங்கே பிராட்டா என்கிறார்கள், சால்னாவுக்குப் பதில் மீன் குழம்போ பருப்புக் குழம்போ ஊற்றுகிறார்கள், ருசியாகத்தான் இருக்கிறது. காப்பிக் கடைக்காரரிடம் பாலும் வேண்டாம் சர்க்கரையும் வேண்டாம் என்றேன். "கோப்பி-ஓ கோசோங் ஒண்ணு" என்று அவர் உள்ளே கத்தினார். உள்ளே இருந்தவர் அதையே திருப்பிக் கத்திவிட்டுத்தான் டம்ளரை எடுத்தார். பக்கத்து மேசைக்கும் அப்படியே. எதிர் மேசைக்கும் அப்படியே. சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்று யாரும் சண்டை போடவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கார் ஓட்டிக்கொண்டே போனில் மருந்து சொல்வார். நர்ஸ் "சரி டாக்டர்" என்பாள். என்ன காதில் விழுந்ததோ அதை எழுதிக்கொள்வாள். திருப்பிச் சொன்னால் "ஒரு தடவை சொன்னா புரியாதா?" என்று விழும். ஒரு டம்ளர் காப்பிக்கு இருக்கிற பாதுகாப்பு எங்கள் ஊரில் உயிருக்கு இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஹசீனா வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வீடு புக்கிட் பாத்தோக்கில். ரயிலில் பிரச்சினை இல்லை, இடைவெளியைப் பார்த்துக் கால் வையுங்கள் என்று தமிழிலேயே ஒரு குரல் சொல்லிவிடுகிறது. இறங்கிய பிறகு பஸ்ஸில்தான் மாட்டிக்கொண்டேன். நிறுத்தத்தில் ஒழுங்காக நின்றேன், ஹசீனா சொல்லியிருந்த நம்பர் பஸ் வந்தது, நிற்காமல் போனது. பத்து நிமிடத்தில் இன்னொன்று. அதுவும் போனது. கருப்பாக இருப்பதால் நிறுத்தவில்லையோ என்று எனக்குள் புழுங்கத் தொடங்கிவிட்டேன். பெஞ்சில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த சீனப் பெண்மணி ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார்: "கையை நீட்டணும். நீட்டலைன்னா வேற பஸ்ஸுக்கு நிக்கிறேன்னு டிரைவர் நினைச்சுக்குவான்." மூன்றாவது பஸ்ஸுக்குக் கையை நீட்டினேன். நின்றது.

ஹசீனா வீடு பதினோராம் மாடியில். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், பிள்ளைகள் டியூஷனில். புளி போட்ட காரமான மீன், சம்பல், வெள்ளைச் சோறு. நெடுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன். அந்த மயக்கத்திலோ என்னவோ, வார்டில் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன். "உங்க வார்டுல பேஷண்டுங்க தங்களுக்குள்ள கட்டில் மாத்திக்குவாங்களா?"

"கேப்பாங்கக்கா. ஃபேனுக்குக் கீழ வேணும், ஜன்னல்கிட்ட வேணும்னு. மாத்துவோம். ஆனா மொதல்ல சிஸ்டத்துல மாத்தணும், அப்புறம்தான் ஆளை மாத்தணும். ஏன் கேக்கிறீங்க?"

சொன்னேன். எங்கள் வார்டில் பதினாலாம் கட்டில் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில். அதில் இருந்தவர் சண்முகவேல், பால் சொசைட்டியில் வேலை, மறுநாள் காலை குடலிறக்க ஆபரேஷன். வார்டின் கடைசியில் இருபத்திரண்டாம் கட்டிலில் ஒரு சர்க்கரை நோயாளி, வயதானவர், ஒரு மணிக்கு ஒரு தடவை கழிப்பறைக்கு நடந்து வர வேண்டியிருந்தது. சண்முகவேலுக்கு மனசு கேட்கவில்லை. 'நீங்க இங்கன படுங்கண்ணே, நான் அங்கன போறேன்' என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு இரண்டு பேர் மனைவிமாரும் தலையணை, தூக்குவாளி, பை எல்லாவற்றையும் இடம் மாற்றினார்கள். கேஸ் சீட்டு மாறவில்லை, நர்ஸ்கள் கையில் இருக்கும் பட்டியலும் மாறவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு செல்வி இன்சுலின் ஊசியோடு இருபத்திரண்டாம் கட்டிலுக்குப் போனாள். இரண்டு நர்ஸ், நாற்பது நோயாளி, அவளுக்குத் தொடர்ந்து மூன்றாவது நைட் டூட்டி. 'ஐயா, ஊசி' என்றாள். சண்முகவேல் கையை நீட்டினார். ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி போடுவார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷனுக்காக வெறும் வயிறு. சர்க்கரை இறங்கி, தூங்குகிற மாதிரியே மயங்கிவிட்டார். ஒன்பது மணிக்கு தியேட்டருக்குக் கூட்டிப்போக வந்தபோதுதான் தெரிந்தது. அவர் மனைவி அட்மிஷன் அன்றைக்குப் புருஷன் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு ஆதார் கார்டை நீட்டியவர். அந்தக் காலையில் அவரைப் போட்டு உலுக்கி, "சம்முவேலு, சம்முவேலு" என்று கத்தினார். அந்தப் பேர் எங்கள் வார்டில் சத்தமாகக் கேட்டது அப்போதுதான். மூன்றாம் நாள் சண்முகவேல் இறந்துபோனார்.

ஹசீனா சோற்றில் கை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த செல்வி என்னக்கா ஆனா?" என்றார்.

"சஸ்பெண்ட். ரிப்போர்ட் என் பெட்டியில இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா வேலை போகும். கவுன்சிலுக்கு அனுப்புனா நர்ஸ் லைசென்ஸும் போகும்."

"எனக்கும் ஒண்ணு நடந்திருக்கு" என்றார் ஹசீனா. "வேற ஆஸ்பத்திரியில இருந்தப்ப. பக்கத்துப் பேஷண்டுக்கு ஏத்த வேண்டிய டிரிப்பை மாத்தி ஏத்திட்டேன். பாதியில நானே பாத்து நிறுத்திட்டேன், நானே ரிப்போர்ட் எழுதினேன். என்னை யாரும் வேலைய விட்டு அனுப்பல. அந்த ரெண்டு டிரிப் பையும் ஒரே மாதிரி இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சு, பையை மாத்துனாங்க. அந்த அம்மா பொழைச்சுக்கிட்டாங்க. ஆனா இன்னும் அவங்க முகம் போகலக்கா." பிறகு, சாதாரணமாகத்தான், கேட்டார்: "கட்டில் மாத்தினதை யாருமே பாக்கலையா?"

அதுவரை யாரிடமும் சொல்லாததை அந்த மேசையில் சொன்னேன். "நான் பாத்தேன்."

அஞ்சு மணி ரவுண்டில் நான் அந்த வழியாகத்தான் போனேன். தலையணையோடு நின்ற இரண்டு பெண்களையும் பார்த்து, "சரி சரி, சீக்கிரம் மாத்துங்க, டாக்டர் வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பட்டியலை மாற்றச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வார்டில் வாரம் நாலு பேர் அப்படி மாறுகிறார்கள், எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது. விசாரணையில் என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஹசீனா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்துவிட்டு, "எழுதிடுங்கக்கா. ஊருக்குப் போறதுக்குள்ள எழுதிடுங்க" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடிந்தது. டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போகலாம் என்று டோபி காட் ரயில் நிலையத்தில் இறங்கினேன். பூமிக்கு அடியில் அத்தனை வாசல்கள் இருக்கும் என்று யார் கண்டது? மேலே ஏறினேன், கடைத்தெரு. இறங்கினேன், வேறு ரயில். மறுபடி ஏறினேன், அதே கடைத்தெரு. அங்கே சுற்றிக்கொண்டிருக்கும்போது செல்வி போன் பண்ணினாள். ஊரில் அப்போது காலை பதினோரு மணி இருக்கும்.

"அக்கா, சிங்கப்பூர் நல்லாருக்கா?" என்றாள். அவளுக்கு இருபத்தாறு வயது. அழவில்லை. "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் கூப்பிட்டேன். மத்தியானம் ஆபீஸ்ல வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியலக்கா. நான் ஊசின்னுதான் சொன்னேன். அவரே கைய நீட்டினாரு. அந்தப் பெரியவர் படுத்திருந்த கட்டில்ல அவர் எப்பக்கா வந்தாரு? யாருமே பாக்கலையா?"

என்னைச் சுற்றி ஆட்கள் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாய் வரைக்கும் வந்தது. கீழே ரயில் வருகிற சத்தம் கேட்டது. "இங்க ஒரே சத்தமா இருக்கு செல்வி. வந்து பேசிக்கலாம்" என்றேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். உண்மையில் அவ்வளவு சத்தம் ஒன்றும் இல்லை. கோயிலுக்கும் போகவில்லை, முருகன் முகத்தில் விழிக்கிற யோக்கியதை அன்றைக்கு எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை தேக்காவில் அதே காப்பிக் கடை. அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதினேன். நான் பார்த்தது, நான் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, வாரம் நாலு பேர் கட்டில் மாறுவது, பட்டியல் மாறாமலே கிடப்பது, இரண்டு நர்ஸ் நாற்பது நோயாளி. இந்தத் தவறை செல்வி செய்திருக்காவிட்டால் அடுத்த வாரம் வேறொருத்தி செய்திருப்பாள் என்றும் எழுதினேன். அதற்குக் கீழேயே கையெழுத்துப் போட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. உடனே செல்விக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"நேத்து நாலு மணிக்கு எழுதிக் குடுத்துட்டேன்க்கா" என்றாள். "எல்லாம் என் தப்புதான், வேலைய விட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்தா கவுன்சிலுக்குப் போகாதுன்னாங்க. உங்க சூப்பிரண்டே ரிப்போர்ட்டை ஒத்துக்கிட்டாங்க, கையெழுத்துதான் பாக்கின்னாங்க. நேத்துக் காலையில உங்ககிட்ட பேசினப்ப நீங்களும் ஒண்ணும் சொல்லலையா, அப்ப அப்படித்தான்னு நெனைச்சுட்டேன்." பிறகு, கோபமே இல்லாத குரலில், "நேத்தே சொல்லியிருக்கலாம்ல அக்கா" என்றாள்.

காப்பி ஆறிப்போயிருந்தது. கடைக்காரர் வந்து, "இன்னொண்ணு போடவா அக்கா?" என்று கேட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவரும் அழுகிறவளைத் தொந்தரவு செய்யாமல் போய்விட்டார்.

ஊர் திரும்பி, திங்கட்கிழமை எம்.டி.யிடம் என் காகிதத்தைக் கொடுத்தேன். முழுக்கப் படித்தார், அதைச் சொல்லியாக வேண்டும். மடித்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "அந்தப் பொண்ணே எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சே சிஸ்டர். முடிஞ்சதைக் கிளறாதீங்க. நீங்க பாத்துட்டு வந்ததைச் செய்யலாம். கைப்பட்டை நீங்க ஊர்ல இல்லாதப்பவே ஆர்டர் பண்ணி வந்துருச்சு, பாருங்க" என்று ஒரு அட்டைப்பெட்டியை நகர்த்தினார். நீல நிறத்தில் பளபளவென்று இருந்தன. ஆஸ்பத்திரி பேர் பெரிய எழுத்தில். அதற்குக் கீழே 'பெட் நம்பர்' என்று போட்டு ஒரு கட்டம். நோயாளி பேருக்கு இடமே இல்லை.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். செல்வி விட்டுப்போன இடத்துக்கு ஆள் போடவில்லை, மறுநாள் காலை வார்டில் ஒரே நர்ஸ்தான் என்றார்கள். அதனால் ஊசித் தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் கட்டிலாக நின்று, பேரென்ன என்று கேட்டேன். ஒருவர் முறைத்தார். ஒருவருடைய மனைவி ஆதார் கார்டைத் தேடினார். இருபத்திரண்டில் புதிதாக ஒருவர், அறுபது வயதிருக்கும், நீலப் பட்டை கட்டியிருந்தார்.

"ஐயா, உங்க பேரு என்ன?"

"இருபத்திரண்டும்மா" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டினார்.